போனஸ் வந்த வாரம், படம் போன டி.வி.

ஐப்பசி பிறந்தால் ஆனைக்குட்டம் பக்கம் இரண்டும் சேர்ந்தே வரும். பட்டாசு ஆலைகளில் போனஸ், வானத்தில் இடி மின்னல். மழைக்கு முன்னால் ஒரு மின்னல் வெட்டும். கரண்ட் போகும், திரும்ப வரும். டி.வி. மட்டும் வராது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் நோட்டீஸ் விழுந்து கிடக்கும். ‘பழைய டி.வி. எந்த நிலையில் இருந்தாலும் கொண்டு வாருங்கள், புதிய எல்.இ.டி. கொண்டு செல்லுங்கள்.’ பளபள தாள், ஐந்தாறு வண்ணம். அடித்தது பெரும்பாலும் சிவகாசி அச்சகமாகத்தான் இருக்கும். கையில் மொத்தமாகக் காசு இருக்கும் ஒரே வாரம் அது. தீபாவளி முடிந்தால் ஆலைகளுக்குச் சில வாரம் விடுமுறை, வீட்டில் உட்கார்ந்திருக்க டி.வி. வேண்டும். பழுது என்னவென்று பார்க்க யாருக்குப் பொறுமை?

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையே, அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே நிற்கிறது ஆனைக்குட்டம் அணை. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் ஆலை வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போகும், மாலையில் இறக்கிவிடும். இறங்கியவர்கள் முகம் கழுவியதும் கை போவது ரிமோட்டுக்கு. அந்தப் பெட்டி ஒருநாள் கண்ணை மூடினால் ‘சரி பண்ணுவதா, புதுசு வாங்குவதா?’ என்பது வீட்டின் பட்ஜெட் விவகாரம் ஆகிவிடும். முடிவு எடுக்கும் வரிசைதான் இங்கே தலைகீழ். முதலில் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம், பிறகு எந்தக் கடையில் தவணை கொடுக்கிறார்கள் என்று கேட்கிறோம். எது பழுதானது என்ற கேள்வி கடைசி வரை வருவதே இல்லை. “பழசாப் போச்சு” என்ற ஒரு சொல்லில் கதை முடிந்துவிடுகிறது.

டி.வி.யைப் பொறுத்தவரை வயது ஒன்றையும் தீர்மானிப்பதில்லை. பழுது எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்கு உதிரிபாகம் கிடைக்குமா, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. இருபது வயதுப் பெட்டியை இருநூறு ரூபாயில் எழுப்பிவிட முடியும். மூன்று வயது எல்.இ.டி.யைத் தொடாமலே விட்டுவிடுவது நல்லது என்ற நிலையும் வரும்.

ஒரே வார்ப்பில் ஒன்றரைக் கோடி

தமிழ்நாட்டில் ‘பழைய டி.வி.’ என்றால் இன்னும் பலருக்கு நினைவில் வருவது அந்த 14 இஞ்ச் கலர் பெட்டிதான். 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. மு.கருணாநிதி முதல்வரானதும் அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திட்டம் தொடங்கியது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. தொடக்கத்தில் ஒரு செட் மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்சி மாறியதும் ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்தியது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியின் காலம் தொடங்கியது. இலவசம் சரியா, தவறா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஜூலையில் தீர்ப்பானது. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். ஆனால் அதற்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னது.

அரசியல்வாதிகளும் பொருளாதார நிபுணர்களும் இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. டி.வி. மெக்கானிக்குகள் பேசியதை யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு அது பொற்காலம். காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை. சில கம்பெனிகள்தான் சப்ளை செய்தன, உள்ளே இருந்த அமைப்பும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. ஒரு ஊரில் முந்நூறு வீட்டில் ஒரே மாதிரிப் பெட்டி இருந்தால் அந்த ஊரே உதிரிபாகக் கிடங்கு ஆகிவிடும். ஒரு வீட்டில் பிக்சர் டியூப் செத்தால் அதன் போர்டு இன்னொரு வீட்டுப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும். எந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கும் போக வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய தலைமுறை மெக்கானிக்குகளின் வேலையே வேறு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்றாலும் அதன் அலை விருதுநகரை எட்டவில்லை. தென்மாவட்டங்களில் உயரக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கை ரூபவாகினியைப் பிடித்த காலம் அது. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் தூர்தர்ஷன் இந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. அப்போது சோலிடேர், டயனோரா போன்ற சென்னைப் பெட்டிகள் வீட்டில் ஒரு மரியாதை. இலவசப் பெட்டிகள் வந்தபோது, ஆன்டெனா திருப்பிய கைகள் சால்டரிங் இரும்பைப் பிடித்தன.

டியூப் டி.வி.யில் வரும் பழுதுகளில் பாதிக்குமேல் அற்பமானவை. திரை நடுவே வெள்ளையாக ஒரு கிடைக்கோடு மட்டும் தெரிகிறதா? அநேகமாக வெர்ட்டிகல் ஐ.சி. போயிருக்கும், அல்லது அதன் காலில் ஈயம் விட்டிருக்கும். தட்டினால் படம் வருகிறது, மறுபடி போகிறது என்றாலும் அதே ஈயம் விட்ட கதைதான். கண்டென்சர் காய்ந்துபோனால் படம் சுருங்கும், நெளியும். இவையெல்லாம் சில பத்து ரூபாய்ச் சாமான்கள், மீதி கூலி. ஆனால் படம் மங்கி, போட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் முகம் தெளிகிறது என்றால் டியூப்பின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. புது டியூப் செய்யும் ஆலைகள் மூடிவிட்டன. அங்கே கும்பிட்டு விட்டுவிட வேண்டியதுதான்.

வீட்டிலேயே பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும் தைரியசாலிகளுக்கு ஒரு வார்த்தை. 14 இஞ்ச் டியூப்பிலும் இருபதாயிரம் வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூப்பில் தேங்கி நிற்கும். வெடிமருந்தைத் தொடும் முன் பத்து முறை யோசிக்கும் கைகள் இதில் அசட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

“ஆளு உள்ளதான் இருக்காக”

திருத்தங்கல் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு லீவு. ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு அம்மாவும் மகனும் 32 இஞ்ச் எல்.இ.டி.யைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, பாட்டு கேக்குது. ஆளு தெரியல.”

“எந்தக் கம்பெனி தாயி?”

“பேரு வாயில நுழையல. வாங்கி அஞ்சு வருசம் இருக்கும். இவன் புதுசு வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான்.”

மெக்கானிக் டி.வி.யைப் போட்டார். சத்தம் வந்தது. திரை கறுப்பு. கடை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் மங்கலாக உருவங்கள் நடமாடின.

“இந்தா பாரு தாயி, ஆளு உள்ளதான் இருக்காக. வெளக்குதான் அணஞ்சு போச்சு.”

செலவில்லாத இந்த டார்ச் சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். எல்.இ.டி. டி.வி.யின் கண்ணாடி தானாக ஒளிர்வதில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள் பட்டையில் ஒட்டியிருக்கும். கடைக்காரர்கள் ‘ஸ்ட்ரிப்’ என்பார்கள். இவை தொடராக இணைக்கப்பட்டவை, ஒன்று போனால் அந்த வரிசையே போகும். சில பெட்டிகளில் மொத்தமும் அணைந்துவிடும். சத்தம் இருக்கிறது, டார்ச் அடித்தால் படம் தெரிகிறது என்றால் பேனலும் போர்டும் நலம், விளக்கு மட்டும் மாற்ற வேண்டும். 32 இஞ்ச்சுக்குக் கூலியோடு சுமார் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை ஆகும். செய்துகொள்ள வேண்டிய ரிப்பேர் இது.

இதிலும் குறுக்குவழி உண்டு. செத்த விளக்கை மட்டும் கம்பியால் தாண்டி இணைத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொள்வார்கள். மீதி விளக்குகளும் அதே வயதுதான், சில மாதத்தில் அடுத்தது போகும். மாற்றினால் எல்லாப் பட்டையையும் மாற்றச் சொல்லுங்கள். விளக்கு சீக்கிரம் சாவதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். ஷோரூமில் பளிச்சென்று தெரிய வைத்திருந்த அதே முழு வெளிச்சத்தை வீட்டிலும் அப்படியே விட்டுவிடுகிறோம். மெனுவில் பேக்லைட்டைக் கொஞ்சம் குறைத்தால் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆயுள் கூடும்.

ஸ்ட்ரிப் மாற்ற வேண்டுமென்றால் பேனல் கண்ணாடியை முழுதாகத் தூக்கி வெளியே எடுத்தாக வேண்டும். அப்பளம் மாதிரி இருக்கும் அது. 32 இஞ்ச்சை ஒருவர் தூக்கலாம். 55 இஞ்ச்சுக்குப் பழகிய ஆட்கள் இருவர் வேண்டும். ஒரு மூலை தட்டினால் போதும், டி.வி.யே போச்சு. “உடைஞ்சா யார் பொறுப்பு?” என்று கழற்றும் முன்பே கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

விளக்குப் பழுதுக்கு நேர்மாறானது, திரையில் மேலிருந்து கீழாகக் கோடு விழுவது, பாதித் திரை மட்டும் இருள்வது, உள்ளே கண்ணாடி விரிந்து மை கொட்டியதுபோலத் தெரிவது. இது பேனல் கோளாறு. டி.வி.யின் விலையில் பாதிக்கும் மேல் பேனலுக்குத்தான். பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் நாடா போன்ற இணைப்பை மெஷின் வைத்துத் திரும்ப ஒட்டித் தருவார்கள், மதுரை போன்ற நகரங்களில் கிடைக்கும். சில பெட்டிகள் பல மாதம் ஓடுவதும் உண்டு, சில வாரத்தில் கோடு திரும்பி வருவதும் உண்டு. என்னைக் கேட்டால், கோடு ஒன்றிரண்டு என்றால் அப்படியே பாருங்கள். பார்க்கவே முடியவில்லை என்றால் அந்தக் காசைப் புதுசில் போடுங்கள்.

போர்டு பழுது இரண்டுக்கும் நடுவில். பவர் சப்ளையில் கண்டென்சர் உப்பியிருந்தால் சின்னச் செலவு. மெயின் போர்டே போனால்தான் தலைவலி. இலவசப் பெட்டிக்கும் இன்றைய எல்.இ.டி.க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் நம்பர், ஆனால் உள்ளே வேறு வேறு பேனல். அதற்குத் தக்கபடி போர்டில் இருக்கும் மென்பொருளும் வேறு. பக்கத்து வீட்டு டி.வி.யின் போர்டைக் கழற்றி மாட்டினால் படம் தலைகீழாக வரலாம், நிறம் மாறலாம், வராமலே போகலாம். ஊரெல்லாம் டி.வி. இருந்தும் ஒன்றுக்கொன்று உதவாது. ‘யுனிவர்சல் போர்டு’ ஒன்று சந்தையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் படம் வரும். ரிமோட் மாறும், ஸ்மார்ட் வசதி போகும், கம்பெனி பேர் மட்டும் முகப்பில் மிஞ்சும். கேபிள் பார்க்கும் வீட்டுக்கு அது போதும்.

எதில் பாதி?

‘புதுசு விலையில் பாதிக்கு மேல் செலவு என்றால் ரிப்பேர் வேண்டாம்’ என்று ஒரு கணக்கு ஊர் உலகமெல்லாம் புழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் புதுசின் விலையில் பாதி? பேர் தெரியாத 32 இஞ்ச் எட்டாயிரத்துக்கும் கிடைக்கிறது, பேர் பெற்ற கம்பெனியின் 32 இஞ்ச் பதினைந்தாயிரத்துக்கும் இருக்கிறது. நல்ல கம்பெனியின் ஏழு வருடப் பெட்டிக்கு நான்காயிரம் செலவழிப்பதை, எட்டாயிரம் ரூபாய்ப் புதுசோடு ஒப்பிட்டு ‘பாதி ஆகிவிட்டது’ என்று தூக்கிப்போட்டால் நஷ்டம் யாருக்கு? உங்கள் வீட்டில் இருப்பதற்குச் சமமான பெட்டியின் இன்றைய விலையோடு ஒப்பிட வேண்டும். கூடவே ரிப்பேருக்கு எத்தனை மாதம் கேரண்டி என்றும் கேட்க வேண்டும். மூன்று மாதம் என்று எழுதித் தருகிறவரிடம் கூடுதலாக ஐந்நூறு கொடுப்பது தப்பில்லை. கழற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லுங்கள்.

விற்பனைக்காரர்கள் இப்போது சொல்லும் இன்னொரு காரணம் வரிக் குறைப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் அது 32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட திரைகளுக்கு. 32 வரைக்கும் 2019 ஜனவரி முதலே 18தான். ஆக, சின்ன டி.வி.யைக் காட்டி ‘வரி குறைஞ்சதால இந்த விலை’ என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு மேலே பேரம் பேசலாம்.

கரண்ட் பில் மிச்சமாகும் என்பது மூன்றாவது. 14 இஞ்ச் டியூப் டி.வி. அறுபது வாட் அளவில் இழுக்கும். 32 இஞ்ச் எல்.இ.டி.யும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. சின்ன டி.வி.யை மாற்றி மின்சாரத்தில் மிச்சம் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டு மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும்.

‘ஸ்மார்ட் டி.வி. ஸ்லோ ஆயிருச்சு, யூடியூப் வரல’ என்பது பழுதே இல்லை. கம்பெனி மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். 2012-க்கு முந்தைய பல ஸ்மார்ட் டி.வி.க்களில் யூடியூப் 2015-லேயே நின்றுபோனது. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்டிக் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் வருகிறது, வேலை முடிந்தது.

ஆலைக்கு இடிதாங்கி, வீட்டுக்கு?

இந்தப் பகுதியின் வறண்ட காற்றுதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே நிலைக்க வைத்தது என்பார்கள். அதே காற்று டி.வி.க்கும் நல்லது. கடலோர ஊர்களைப்போல உப்புக் காற்றில் போர்டு பச்சை பூப்பதில்லை. ஆனால் தூசி உண்டு, பல்லி உண்டு. சூடான போர்டைத் தேடி உள்ளே போகும் பல்லி பவர் சப்ளையில் இரண்டு காலை இரண்டு முனையில் வைத்தால் அதுவும் போகும், டி.வி.யும் போகும். மெக்கானிக்கின் மேசையில் கழற்றிக் கிடந்த ஒரு போர்டில், கருகிய இரண்டு புள்ளிகளுக்கு இடையே அந்தத் தடயம் அப்படியே இருந்தது.

பெரிய எதிரி மின்னல். பட்டாசு ஆலைக் கட்டடங்களுக்கு இடிதாங்கி கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் வேலையை நிறுத்தி ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதும் விதி. ஆலையில் இதைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டும், கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் பாதி நேரம் வருவது அந்த வயர் வழியாகத்தான், செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ. துளை வழியே மெயின் போர்டுக்குப் போய்விடும். அப்படி அடித்த போர்டில் ஒரு சாமானை மாற்றினால் அடுத்தது போகும், ரிப்பேர் முடிவதே இல்லை. மின்னலில் போன டி.வி. என்றால் நான் மெக்கானிக்கிடம் ஒருமுறைதான் போவேன்.

சின்னப் பழுதைத் தள்ளிப்போட்டுப் பெரிதாக்குவதும் உண்டு. உப்பிய கண்டென்சரோடு ‘பத்து நிமிசம் கழிச்சு ஆன் ஆகுது’ என்று ஆறு மாதம் ஓட்டினால் கடைசியில் போர்டையே தின்றுவிடும். அணையின் ஷட்டர் கசிகிறது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக மனு கொடுத்துப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழசு எங்கே போகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி. டி.வி.யின் ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளத்தையும் தொடங்கியது. கம்பெனிகள் அதில் சர்வீஸ் விவரம் போடலாம். ‘போடலாம்’ வேறு, ‘கொடுத்தே ஆக வேண்டும்’ வேறு. அந்த இணையதளத்தால் திருத்தங்கல் கடைக்கு ஒரு பேனல் வந்துவிடப் போவதில்லை.

பழைய பெட்டியின் கடைசிப் பயணம் பெரும்பாலும் காயலாங்கடைக்கு. டியூப் டி.வி. என்றால் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொள்வார்கள், போர்டைத் தனியே விற்பார்கள். டியூப்பை உடைத்து ஓடைக்கரையில் போட்டுவிடுவார்கள். அந்தப் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் கால் பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு கலந்திருக்கிறது. ஒன்றரைக் கோடிப் பெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் திட்டம் போட்ட எந்த அரசும் அவற்றைத் திரும்ப எடுக்கத் திட்டம் போடவில்லை. என் வருத்தம் திட்டத்தின் மேல் இல்லை, இந்த மறதியின் மேல்தான்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்ற அளவுக்கு ஏற்ப மறுசுழற்சிக்குப் பொறுப்பு உற்பத்தி செய்த கம்பெனியுடையது. எனவே போனஸ் பணத்தோடு ஷோரூமுக்குப் போவதென்று முடிவாகிவிட்டால், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பழைய டி.வி. இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள், எக்ஸ்சேஞ்ச் தொகை எவ்வளவு உண்மையானது என்று தெரிந்துவிடும். அப்புறம், பழைய பெட்டியின் கம்பெனி பெயரையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற கடை அதை எங்கே அனுப்புவது என்று யோசித்து வைத்திருக்கிறது. “அதெல்லாம் எதுக்கும்மா?” என்கிற கடைக்கு வெளியே காயலாங்கடை வண்டி நிற்கிறது.